கிளீனர் சைடு கண்ணாடி

ஒரு வண்டிக்கு ஒரு கண்ணாடி மாத்தணும். அதுக்கு நான் நாலு கண்ணாடி வாங்கியிருக்கேன்.

நாலு.

அப்பா இதைச் சொல்லிச் சொல்லி சிரிக்கிறாரு. வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாரு. நேத்து கேஸ் சிலிண்டர் போட வந்தவர்கிட்டயும் சொல்லிட்டாரு. அவர் சொல்றதுக்குள்ள நானே உங்ககிட்ட சொல்லிடறேன், அதுதான் மரியாதை.

எங்களுக்குத் தாம்பரம் பக்கத்துல பந்தல், சேர், பாத்திரம் வாடகைக்கு விடற தொழில். அப்பா ஆரம்பிச்சது. அவருக்கு முட்டி வலி வந்ததுலேர்ந்து சனி, ஞாயிறு வண்டி என் கையில. மத்த அஞ்சு நாள் நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கற ஆளு. வண்டி ஓட்டத் தெரியும். வண்டியைப் பத்தித் தெரியாது. (ரெண்டும் வேற வேறன்னு இந்த ஒரு மாசத்துலதான் புரிஞ்சுது.)

வண்டி பிக்கப். 2005ல டாடா ஏஸ் வந்தப்போ ஊரே அதுக்குக் குட்டி யானைன்னு பேர் வச்சுதே, அது இல்ல. அதுக்கு அண்ணன். பின்னாடி இருநூறு சேர் அடுக்கினா டிரைவருக்குப் பின்னாடி இருக்கற கண்ணாடி வழியா சேர் மட்டும்தான் தெரியும். உள்ள தொங்கற கண்ணாடி அதுக்கப்புறம் தலை சீவத்தான். ஆக, பின்னாடி என்ன வருதுன்னு பார்க்க ரெண்டு பக்கக் கண்ணாடிதான் கதி.

அதுல இடது பக்கத்தை நான் உடைச்சேன்.

எப்படி உடைச்சேன்னு கேட்டா சிரிப்பீங்க. குரோம்பேட்டையில ஒரு கல்யாண மண்டபம். ராத்திரி ரிசப்ஷன், சேர் பத்தலைன்னு சாயங்காலம் போன். அவசரமா ஏத்திக்கிட்டுப் போறேன். மண்டப வாசல்ல ரெண்டு பக்கமும் வாழைமரம் கட்டியிருக்காங்க, தாரும் பூவுமா. கேட் கொஞ்சம் குறுகல். நான் என்ன நினைச்சேன்னா, இடது பக்கம் வாழைமரம்தானே, லேசா உரசினா உரசட்டும், மெத்துனு போயிடும்.

வாழைமரம் அந்தரத்துல நிக்காதுங்க. அதை எதுலயாவது கட்டித்தான் நிறுத்தியிருப்பாங்க.

இங்க இரும்புத் தூண்ல கட்டியிருந்தாங்க.

சளீர்னு ஒரு சத்தம். நாதஸ்வரக்காரர் கூட ஒரு நிமிஷம் நிறுத்திட்டாரு. பொண்ணோட மாமா போல இருக்கு, பட்டு வேட்டியில ஒருத்தர் ஓடி வந்து, "ஏம்ப்பா, நல்ல நேரத்துல கண்ணாடியை உடைக்கிறியே"ன்னு முகத்தைச் சுளிச்சாரு. பக்கத்துல சேர்ல உக்காந்திருந்த ஒரு பாட்டி, "சும்மா இரு, திருஷ்டி கழிஞ்சுது"ன்னு ஒரே வரியில முடிச்சுட்டாங்க. அந்தப் பாட்டி மட்டும் இல்லேன்னா வாடகைப் பணத்துல கை வச்சிருப்பாங்க. நல்லா இருக்கணும் அவங்க.

அப்புறம் என்ன பண்ணினேன்? ஒண்ணும் பண்ணலை. விரிசல் விட்ட கண்ணாடி மேல செல்லோ டேப் ஒட்டி ரெண்டு வாரம் ஓட்டினேன்.

இடது பக்கம்தானேன்னு ஒரு அலட்சியம். நம்ம ஊர்ல அது பரம்பரை வியாதி. பழைய மாருதி 800ல அடிப்படை மாடலுக்கு இடது பக்கக் கண்ணாடியே கிடையாது, ஞாபகம் இருக்கா? டிரைவர் பக்கம் ஒண்ணு, அவ்வளவுதான். எங்க சித்தப்பா அந்த வண்டியைப் பதினாறு வருஷம் ஓட்டினாரு. இடது பக்கம் திரும்பணும்னா சித்தியைத் தலையை வெளிய நீட்டிப் பார்க்கச் சொல்லுவாரு. சித்திதான் கண்ணாடி.

லாரியிலயும் அந்தக் காலத்துல இதே கதைதான்னு அப்பா சொல்லுவாரு. இடது பக்கத்துக்குக் கிளீனர்னு ஒரு ஆள் இருப்பான். ஜன்னல் வழியா பாதி உடம்பு வெளிய தொங்கும். கதவைத் தட்டற தட்டுலயே எல்லாம் சொல்லிடுவான். ஒரு தட்டு தட்டினா நில்லு, ரெண்டு தட்டினா போ. ரிவர்ஸ் எடுக்கும்போது இறங்கி நின்னு "வா வா வா வா... ஒடிச்சு வா... ஹோல்டான்!" அந்த ஹோல்டான் வர்றதுக்குள்ள சில சமயம் சுவரு வந்துடும், அது வேற விஷயம்.

இப்ப என் கூட ஒரு தம்பி வர்றான். நல்ல பையன். நூறு சேரைத் தனியா இறக்குவான். ஆனா வண்டியில ஏறினா போன்ல மூழ்கிடுவான். "இடது பக்கம் ஏதாவது வருதாடா?"ன்னு கேட்டா, நிமிராமலே "இல்லண்ணே"ம்பான். இந்த "இல்லண்ணே"வை நம்பித்தான் அந்த ரெண்டு வாரம் ஓட்டியிருக்கேன்.

பல்லாவரத்துல ஒரு நாள். இடது பக்கம் சந்துல திரும்பணும். கேட்டேன். "இல்லண்ணே." திருப்பினேன். கதவுக்கு ஒட்டினாப்ல ஒரு ஸ்கூட்டி. ஒரு அம்மா, பின்னாடி ஸ்கூல் பையோட ஒரு குழந்தை. பிரேக்கை மிதிச்ச மிதியில பின்னாடி சேரெல்லாம் முன்னாடி வந்து இடிக்குது. அந்தம்மா என்னைத் திட்டலை. ஒரு பார்வை பார்த்தாங்க, அவ்வளவுதான். அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை எனக்கு.

நம்ம ரோட்டுல டூ வீலர் எல்லாம் எந்தப் பக்கம் வருதுன்னு யோசிச்சுப் பாருங்க. சட்டப்படி வலது பக்கம்தான் முந்தணும். ஜி.எஸ்.டி. ரோட்ல சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து பாருங்க, இடது பக்க இடுக்குல எறும்பு மாதிரி போய்க்கிட்டே இருப்பாங்க. டிரைவர் பக்கம் வர்றது ஜன்னல் வழியாவே பாதி தெரிஞ்சுடும். இடது பக்கம் வர்றதைக் காட்டறதுக்கு அந்தக் கண்ணாடியை விட்டா வேற ஆளே இல்ல. உயிர் போற பக்கத்துக்குக் கண்ணாடி வேண்டாம்னு எப்படித்தான் நினைச்சோமோ, தெரியலை.

போதாக்குறைக்கு அடுத்த மாசம் எஃப்.சி. (வண்டிக்குத் தகுதிச் சான்று) வேற. எட்டு வயசு வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கப்புறம் வருஷா வருஷம் காட்டணும். நம்ம வண்டிக்கு வயசு எட்டைத் தாண்டியாச்சு. உடைஞ்ச கண்ணாடியோட போய் நின்னா பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்பிடுவாரு. சரி, மாத்திடலாம்னு இறங்கினேன்.

முதல்ல ஷோரூமுக்குப் போன் போட்டேன். முழு அசெம்ப்ளியா 1,250 ரூபா, ஆர்டர் போட்டுப் பத்து நாள்ன்னாங்க. ஒரு கண்ணாடிக்கு ஆயிரத்து இருநூத்தம்பதா! வச்சுட்டேன். (இந்த 1,250ஐ ஞாபகம் வச்சுக்கோங்க.)

கண்ணாடி நம்பர் ஒண்ணு.

போட்டோவுக்கு ஃபிரேம் போடற கடை. கூடு நல்லாத்தானே இருக்கு, உள்ள இருக்கற கண்ணாடி மட்டும் போதுமேன்னு என் மூளை. கடைக்காரர் செய்தித்தாளை அந்தக் கூட்டு மேல வச்சு அமுக்கி, ஓரத்தை நகத்தால கோடு போட்டு, அதை வெட்டி, அந்த அளவுக்கு முகம் பார்க்கற கண்ணாடியை அறுத்துக் கொடுத்தாரு. கண்ணாடி அறுக்கறதைப் பார்க்கறதே ஒரு சுகம்ங்க. கீறினாரு, தட்டினாரு, பிஸ்கட் மாதிரி உடைஞ்சு வந்துது. 80 ரூபா. சிலிகான் ட்யூப் 160. வீட்டுக்கு வந்து ஒட்டி, ஒரு ராத்திரி காய விட்டு, காலையில சீட்டுல உக்காந்து பார்க்கறேன்.

என் வண்டியோட கதவு தெரியுது. பளிச்சுனு தெரியுது. பக்கத்து வீட்டு முருங்கை மரத்துல ஒரு கிளை தெரியுது. அவ்வளவுதான். ரோடைக் காணோம்.

ஸ்கூல்ல குவி ஆடி, குழி ஆடின்னு படிச்சோமே, அது இதுக்குத்தானாம். (அப்ப வாத்தியார் சொன்னாரு. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டிருந்தேன்.) இடது பக்கக் கண்ணாடி டிரைவர்கிட்டேர்ந்து தள்ளி இருக்கு. தட்டையான கண்ணாடியை அவ்வளவு தூரத்துல வச்சா ஒரு சின்ன துண்டு இடம்தான் தெரியும். அதனால வெளிப்பக்கம் லேசா புடைச்ச குவி ஆடி வைக்கறாங்க. நிறைய இடம் தெரியும். ஆனா எல்லாம் சின்னதாத் தெரியும், சின்னதாத் தெரியறதால தூரத்துல இருக்கற மாதிரித் தோணும். 1993ல வந்த ஜுராசிக் பார்க்ல ஜீப் கண்ணாடியில டைனோசர் துரத்திக்கிட்டு வரும், அதுக்கு மேலயே "கண்ணாடியில் தெரிவதைவிட அருகில் உள்ளன"ங்கற எச்சரிக்கை இங்கிலீஷ்ல ஒட்டியிருக்கும். தியேட்டரே சிரிச்ச காட்சி. அந்த ஜோக்குக்குப் பின்னாடி இருக்கறது இந்தக் குவி ஆடிதான்.

என் தட்டைக் கண்ணாடி ரெண்டு நாள் இருந்துது. மூணாம் நாள் முடிச்சூர் ரோட்ல ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல குதிச்சு உயிரை விட்டுது.

கண்ணாடி நம்பர் ரெண்டு. இதைச் சொல்லத்தான் வெட்கமா இருக்கு.

ஜி.பி. ரோடு போனேன். சென்னையில வண்டி சாமான் எதுவா இருந்தாலும் அந்த ரோட்டுக்குத்தானே போவோம். ஒரு கடையில கேட்டேன். கடைக்காரர், "டிரைவர் சைடா, கிளீனர் சைடா?"ன்னாரு.

எனக்கு அந்த வார்த்தையே புதுசு. எங்க வண்டிக்குத்தான் கிளீனரே இல்லையே! போனை எடுத்து போட்டோவைக் காட்டினேன். வண்டிக்கு எதிர்ல நின்னு எடுத்த போட்டோ. அதுல உடைஞ்ச கண்ணாடி எந்தப் பக்கம் இருக்கும்? வலது பக்கம். "இதோ பாருங்க, ரைட் சைடு"ன்னு விரலை வேற வச்சுக் காட்டினேன். அவர் போட்டோவைப் பார்க்கவே இல்ல. ரைட்டுன்னதும் டிரைவர் சைடு டப்பாவை எடுத்து வச்சாரு. டூப்ளிகேட்தான், 380 ரூபா. சந்தோஷமா வாங்கிட்டு வந்தேன்.

வீட்டுல பிரிச்சு இடது கதவுல வச்சுப் பார்த்தா, கண்ணாடி முன்னாடி பார்த்துக்கிட்டு இருக்கு. எதிர்ல வர்றவன் முகம் பார்த்துக்கலாம்.

அப்பா திண்ணையிலேர்ந்து எட்டிப் பார்த்தாரு. ஒண்ணும் சொல்லலை. உள்ள போய் அம்மாகிட்ட ஏதோ சொன்னாரு. ரெண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டுது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் ஜி.பி. ரோடு. "மாத்திக் கொடுங்கண்ணே." கடைக்காரர் வாயைத் திறக்கலை, தலைக்கு மேல கையைக் காட்டினாரு. 'விற்ற பொருள் வாபஸ் வாங்கப்படமாட்டாது'. அவர் மேல தப்பு சொல்ல முடியாது. கெஞ்சினதுல அடுத்ததுக்கு முப்பது ரூபா குறைச்சாரு. 350க்குக் கிளீனர் சைடு. அதுதான் கண்ணாடி நம்பர் மூணு.

இப்ப மாட்டணும். மூணே மூணு போல்ட். பத்தாம் நம்பர் ஸ்பேனர். வீடியோவுல ஒரு வெளிநாட்டுக்காரர் பாட்டு பாடிக்கிட்டே நாலு நிமிஷத்துல மாத்தறாரு. அவர் வண்டி கடலோரக் காத்துலயும் சாம்பார் அண்டாவுலயும் எட்டு வருஷம் ஊறினதில்ல.

முதல் போல்ட் வந்துடுச்சு. ரெண்டாவது முனகிக்கிட்டே வந்துது. மூணாவது துரு பிடிச்சு உடம்போட ஒட்டிக்கிச்சு. டீசல் ஊத்தி ஊற விட்டேன். தேங்காய் எண்ணெய் விட்டேன். (அம்மா பார்த்துட்டாங்க, அது வேற பஞ்சாயத்து.) ஸ்பேனர்ல பைப்பை மாட்டி, கால் வச்சு அமுக்கினேன். சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு, வெளிய வரலை. மரை கழண்டு போச்சு. அந்த நேரத்துல போல்ட்டுக்கு மட்டும்தான் கழண்டுதுன்னு சொல்ல மாட்டேன்.

கடைசியில தெருக்கோடி மெக்கானிக் அண்ணன்தான் வந்தாரு. பார்த்தாரு. பீடியை அணைச்சாரு. போல்ட் தலையை உளியால ரெண்டு போட்டுத் தள்ளி, ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கி, வேற போல்ட் போட்டுப் பின்பக்கம் நட்டு வச்சு முடுக்கினாரு. பத்து நிமிஷம். 150 ரூபா. "டயர் கழட்டும்போதும் இப்படித்தான் கால் வைப்பியா தம்பி?"ன்னு கேட்டுட்டுப் போனாரு.

சரி, மாட்டியாச்சு. கிளம்பினேன். முப்பதுல நல்லா இருந்துது. நாற்பதைத் தாண்டினதும் கண்ணாடி ஆட ஆரம்பிச்சுது. சாமி வந்த மாதிரி ஆட்டம். பின்னாடி வர்ற ஒரு பைக் மூணு பைக்காத் தெரியுது. மூணுல எது நிஜம்னு எப்படி முடிவு பண்றது?

இங்க ஒரு கதை சொல்லியே ஆகணும். 1911ல அமெரிக்காவுல முதல் இண்டியானாபொலிஸ் 500 பந்தயம். அப்பல்லாம் பந்தய வண்டியில டிரைவர் பக்கத்துல ஒரு மெக்கானிக் உக்காந்து பின்னாடி யார் வர்றாங்கன்னு பார்த்துச் சொல்லுவாரு. (நம்ம கிளீனரேதான்!) ரே ஹாரூன்னு ஒருத்தர் ஒத்தை ஆள் வண்டியில வந்தாரு. "இவர் பின்னாடி பார்க்க மாட்டாரு, ஆபத்து"ன்னு மத்தவங்க சண்டை. உடனே வண்டி மேல நாலு கம்பி நட்டு ஒரு கண்ணாடி மாட்டினாரு. ஆறே முக்கால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவா 500 மைல் பந்தயத்தை ஜெயிச்சும் காட்டினாரு. காரோட கண்ணாடிக்கே இதுதான் ஆரம்பம்னு பல பேர் எழுதறாங்க. ஆனா அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே, 1909ல, டோரதி லெவிட்னு ஒரு இங்கிலாந்துப் பெண்மணி, வண்டி ஓட்டற பெண்கள் கைக்கண்ணாடி ஒண்ணு வச்சுக்கிட்டு அப்பப்ப தூக்கிப் பிடிச்சுப் பின்னாடி பாருங்கன்னு புத்தகத்துலயே எழுதிட்டாங்க. பேர் மட்டும் ஹாரூனுக்கு.

எனக்குப் பிடிச்சது அடுத்த விஷயம். அந்தப் பந்தயப் பாதை முழுக்கச் செங்கல் பாவினது. அதுல கண்ணாடி ஆடின ஆட்டத்துல ஒண்ணுமே தெரியலைன்னு ஹாரூனே பின்னாடி ஒத்துக்கிட்டதாச் சொல்லுவாங்க.

நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. என் 350 ரூபா கண்ணாடி இன்னும் அதே 1911லதான் இருக்கு.

சைக்கிள் ட்யூபை வெட்டி வாஷர் மாதிரி வச்சேன். அட்டை சொருகினேன். ரப்பர் பேண்ட் போட்டேன். தம்பி, "சுவிங்கம் வைக்கலாம்ணே"ன்னான். எதுவும் கேட்கலை. ஆட்டம் போல்ட்ல இல்ல, உள்ள இருக்கற குண்டு மூட்டுல. நம்ம தோள்பட்டை மாதிரி ஒரு மூட்டு, ஒரு ஸ்பிரிங் அதை இறுக்கிப் பிடிச்சிருக்கும். விலை குறைஞ்ச சாமான்ல அந்த ஸ்பிரிங்தான் முதல்ல சோகை.

இதைச் சொன்னது புதுப்பேட்டைக்காரர். ஆமா, கடைசியில எழும்பூர்ல ரயிலை விட்டு இறங்கி அங்கதான் போனேன். பழைய சாமான். தெரு முழுக்கக் கதவு, பம்பர், ஹெட்லைட்டு, சுவர்ல வரிசையா கண்ணாடி. நான் நடந்து போகப் போக நூறு நான் கூட நடந்து வர்றேன்.

ஒரு பெரியவர். கேட்டதும் நாலைஞ்சைக் கிளறி ஒண்ணை எடுத்தாரு. கழட்டின ஒரிஜினல். கூட்டுல ஒரு கீறல், கண்ணாடி சுத்தம். கையில கொடுத்து, "தள்ளிப் பாரு"ன்னாரு. தள்ளினேன். கஷ்டப்பட்டுத்தான் நகர்ந்துது. "அப்படித்தான் இருக்கணும். சுலபமா திரும்பினா ரோட்ல தானாத் திரும்பும்." அப்புறம் கண்ணாடியை மேல தூக்கி, "கரண்டு கம்பியை இதுல பாரு. மெதுவா வளைஞ்சா சரி, குவிக் கண்ணாடில அப்படித்தான் தெரியும். பாம்பு மாதிரி நெளிஞ்சா வாங்காதே."

ரெண்டே சோதனை. காசு செலவே இல்ல. இதை ஜி.பி. ரோடு போறதுக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா!

700ன்னாரு. 400ன்னேன். 550ல நின்னுது. "கிளீனர் சைடுதானே?"ன்னு மூணு தடவை கேட்டேன். மூணாவது தடவை முறைச்சாரு.

ஆச்சு. மாட்டியாச்சு. எழுபதுல போனாலும் அசையலை. காலி வண்டியில இல்ல, சேர் ஏத்தின வண்டியில, என் சீட்டுல நான் உக்கார்ற மாதிரி உக்காந்து திருப்பி வச்சேன். உள் ஓரத்துல நம்ம வண்டி ஒரு விரல்கடை தெரியணும், மீதி எல்லாம் ரோடு. அதுக்கு மேல ஒரு சின்ன வட்டக் கண்ணாடியும் ஒட்டலாம்னு ஆசை. அப்பா, "அஞ்சாவதா?"ன்னாரு. விட்டுட்டேன்.

கணக்கு: 80, 160, 380, 350, 150, 550. மொத்தம் 1,670. ரயில் டிக்கெட் சேர்க்கலை. ஷோரூம்ல எவ்வளவுன்னு ஞாபகம் இருக்குல்ல?

போன வாரம் எஃப்.சி. முடிஞ்சுது. ஆபீசர் பிரேக் பார்த்தாரு, லைட் பார்த்தாரு, பின்னாடி ஒளிரும் ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கறதைப் பார்த்தாரு. இடது பக்கக் கண்ணாடியை நான்தான் ரெண்டு தடவை துடைச்சுக் காட்டினேன். அவர் அதைத் திரும்பியே பார்க்கலை.

பார்க்கறது ஒரு கொண்டைக்குருவி மட்டும்தான். தினம் காலையில வந்து கண்ணாடிக்குள்ள இருக்கற இன்னொரு குருவியோட சண்டை. கொத்தோ கொத்துன்னு கொத்திட்டு, கதவு முழுக்க எச்சம் போட்டுட்டுப் போகுது. ராத்திரி மஞ்சப்பை போட்டு மூடி வைக்கிறேன். இந்தச் சண்டை ஆடற கண்ணாடி இருந்தப்ப இல்ல. அதுக்கும் மூணு குருவியாத் தெரிஞ்சிருக்கும், பயந்திருக்கும்.

கடைசியா ஒரு விஷயம். டிரைவர் சைடு கண்ணாடி ஒண்ணு எங்க வீட்டுல சும்மா கிடக்கு. டூப்ளிகேட்தான், ஆனா ஒரு நாள் கூட ரோட்டைப் பார்க்கலை. 380க்கு வாங்கினது, 300க்குத் தர்றேன். வேணுங்கறவங்க சொல்லுங்க. வண்டிக்கு எதிர்ல நின்னு இல்ல, சீட்டுல உக்காந்து எந்தப் பக்கம்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. வித்த பொருளை நானும் வாபஸ் வாங்க மாட்டேன்.